இஸ்கோப்பன் இல்லாத கடல்

மகள்,

நான் உனக்கு எழுதும் முதலாவது நீளமான கடிதம் இது. நீ கொழும்பில் வேலை செய்த காலத்தில் எழுதத் தேவை இருக்கவில்லை. தொலைபேசியில் கதைத்தே உன் காதைப் புண்ணாக்கிவிடுவேன். இப்போது தொலைபேசி எனக்குச் சரிவருவதில்லை. "விளையாட்டு எப்பிடிப் போகுது அப்பா?" என்று நீ கேட்கிறாய். சொல்ல எவ்வளவோ இருக்கிறது. முதற் சொல்லை நான் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. உன்னிலும் பிழை இல்லை. அந்த வெளிநாட்டுக் குளிருக்குள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு கதைக்கிறாய். நானும் "நல்லம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தில் என்னை யாரும் அவசரப்படுத்த ஏலாது. கொஞ்சத்தை இடது கையால் நானே எழுதுகிறேன். கை உளைந்தால் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறா. எழுத்துக் கோணலாக இருக்கும் இடமெல்லாம் நான். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். சொல் தொலைந்துபோன ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறவர்கள் படித்தால் எனக்குச் சந்தோஷம். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூதூர் லோஞ்சு, அந்தச் சனம் ஏற்றும் மோட்டார்ப் படகு, ஓடியவன் நான். திருகோணமலையில் இருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கும், அங்கிருந்து திரும்பியும். பாலங்கள் போட்டு பஸ் ஓடத் தொடங்கிய பிறகு சனம் குறைந்தது. ஆனாலும் என்னோடு கதைத்துக்கொண்டு போவதற்காகவே வருகிற சிலர் இருந்தார்கள் என்று காசிம் சொல்லுவான். கிண்ணியாக்காரன் காசிம் என் எஞ்சின்காரன். நீ காசிம் நானா என்று கூப்பிடுகிறவன். கீழே எஞ்சின் போடும் சத்தத்தைவிட மேலே நான் போடும் சத்தம் கூட என்று பயணிகளிடம் முறைப்பாடு சொல்லுவான். சுக்கானைப் பிடித்தபடி அரசியல் கதைப்பேன், மீன் விலை கதைப்பேன், யாருடைய கலியாணம் ஏன் குழம்பியது என்றும் கதைப்பேன். வாய்தான் என் கை கால் எல்லாம்.

அன்று காலை நடந்ததை நீ மற்றவர்கள் வாயால் கேட்டிருக்கிறாய். என் பக்கத்தை நான் இன்னும் சொல்லவில்லை. லோஞ்சு நிறையச் சனம். பின் கயிற்றைக் கழற்றச் சொல்லி நான் கத்தினேன். என் காதுக்கு வந்து விழுந்தது "முருங்கை" என்ற சொல். எனக்கே விளங்கவில்லை. திரும்பவும் "கயிறு" என்றுதான் சொன்னேன். திரும்பவும் "முருங்கை" என்றுதான் வந்தது. சனம் சிரித்தது. இவன் எப்போதும் பகிடி விடுகிறவன்தானே என்று நினைத்திருப்பார்கள். காசிமும் சிரித்துக்கொண்டுதான் எஞ்சின் அறைக்குள் இருந்து தலையை நீட்டினான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஏறி வந்தான்.

"மச்சான், கையத் தூக்கு பாப்பம்" என்றான்.

வலது கை எழும்பவில்லை. அவன் என்னை அப்படியே தூக்கி, சனத்தை விலக்கி, ஓட்டோவில் ஏற்றினான். வழி முழுக்க நான் அவனோடு கதைத்துக்கொண்டே போனேன் என்றுதான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். "இல்ல மச்சான், நீ ஒண்ணும் கதைக்கல்ல. என்ட கையப் புடிச்சிக்கிட்டு இரிந்தாய், அவ்வளவுதான்" என்கிறான் அவன்.

பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது, கால் மெல்ல மெல்ல வந்தது, கை பாதி வந்தது. சொல் வரவில்லை. படிக்கிறவர்களுக்கு இதை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு எல்லாம் விளங்கியது. வீட்டுக்கு வந்தவர்கள் கதைத்தது விளங்கியது. நான் செவிடன் என்று நினைத்து அவர்கள் காதுக்குள் கத்தியதும் விளங்கியது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் நல்ல பிள்ளை. படம் போட்ட மட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவா. வாழைப்பழம், குடை, மணிக்கூடு. வாழைப்பழத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன? எத்தனை குலை ஏற்றி இறக்கியிருப்பேன்! ஆனால் அந்தப் பெயர் மட்டும் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. "வா... வா..." என்று மிஸ் எடுத்துக் கொடுக்கும்போது, சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல இருக்கும். வீட்டில் செய்யச் சொல்லித் தந்த மட்டைகளை நான் நிலத்தில் தட்டிவிட்டபோது நீ கொழும்பில் இருந்து வந்து சேர்ந்திருந்தாய்.  குனிந்து பொறுக்கி, குடை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீறினது சரியில்லை" என்றாய். படம் கீறுவதுதானே உன் தொழில். பாரிசவாதம் வந்த நாளில் இருந்து அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு பின்னேரம் நீ சீட்டுக்கட்டை எடுத்து வந்தாய். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இருந்தே நாங்கள் மூன்று பேரும் முந்நூற்றுநாலு விளையாடுகிறவர்கள்தானே. எனக்கு வந்த கை, பல காலமாக வராத அருமையான கை. ஆனால் முந்நூற்றுநாலில் வாய் திறந்து கேட்க வேண்டும். எவ்வளவுக்குக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த எண் வரவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அறைக்குள் படுத்திருந்தபோது நீ என் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னது கேட்டது.

"அம்மா, அப்பா அடுக்கி வச்சிருக்கிற வடிவைப் பாருங்கோ. சீட்டு விளங்குது, கணக்கும் விளங்குது. வெளியில வாறதுக்கு ஒரு வழிதான் இல்லை."

அடுத்த நாள் தொடங்கி நீ சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவில்லை. கொழும்பு வேலையைக் காலையில் கொம்பியூட்டரில் முடித்துவிட்டு, பின்னேரம் முழுக்கச் சீட்டுக்கட்டோடு இருந்தாய். முந்நூற்றுநாலுக்குத் தேவைப்படாத சின்னச் சீட்டுகளையும் பெட்டிக்குள் இருந்து எடுத்து, நாலு வரிசையாகப் பரப்பி வைத்தாய். நீ செய்யப் போவது வென்று தோற்று முடிக்கிற விளையாட்டு அல்ல என்று எங்களுக்கு விளங்கப்படுத்தவே உனக்கு நேரம் எடுத்தது. ஒவ்வொருவரும் வேறு ஓர் ஆளாக மாறி ஒரு கதைக்குள் போக வேண்டும். ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். கதைக்குள் ஏதாவது நடந்தால், நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது சரிவருமா இல்லையா என்பதைச் சீட்டுத் தீர்மானிக்கும். வெளிநாட்டில் இதைப் பல மூலை உள்ள தாயக் கட்டைகளை உருட்டி விளையாடுவார்களாம். எங்கள் வீட்டில் இருந்தது பழைய சீட்டுக்கட்டு ஒன்றுதான்.

முதல் தரம் நீ செய்து காட்டியதில் சட்டங்கள் அதிகம். சிவப்பு வந்தால் இப்படி, கறுப்பு வந்தால் அப்படி, ராணிக்குப் பக்கத்தில் ராசா வந்தால் இன்னொரு மாதிரி. அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "பிள்ளை, இதை விளையாட ஒரு ஐயரைக் கூப்பிட வேணும் போல கிடக்கு."

நீ கோபித்துக்கொண்டு குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனாய். திரும்பி வந்து பாதிக்கு மேல் வெட்டி எறிந்தாய். பிறகும் வெட்டினாய். கடைசியில் மிஞ்சியது யாருக்கும் விளங்கும். எல்லாரும் ஒரு லோஞ்சில் போகிறோம். கதை சொல்லுகிறவர் சீட்டுக்கட்டில் இருந்து ஒரு சீட்டைத் திருப்புவார். சீட்டில் உள்ள நாலு சாதிக்கும் நாலு வேலை: சிவப்பு ஆட்டின் வந்தால் ஆட்களால் பிரச்சினை. டயமன் வந்தால் சாமான்களால். கலாவரை வந்தால் கரையில் ஏதோ நடக்கிறது. கறுப்பு இஸ்கோப்பன் வந்தால் கடலும் காற்றும். எண் பெரிதென்றால் பிரச்சினையும் பெரிது; ராசாதான் எல்லாவற்றிலும் பெரிது. கையில் உள்ள சீட்டுகளைப் போட்டுக் கூட்டி, அந்த எண்ணைப் பிடிக்க வேண்டும்; எல்லாருமாகச் சேர்ந்தும் போடலாம். ஆனால் வாய் திறக்காத சீட்டுச் செல்லாது. போடுகிறபோது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல் போதும், கையால் காட்டலாம், ஆனால் அந்த ஒரு சொல் வேண்டும். அதோடு நீ வைத்த இன்னொரு சட்டம்தான் இந்த விளையாட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன்: மற்றவரின் சொல்லை யாராவது எடுத்துக் கொடுத்தால், கொடுத்தவரின் கையில் இருந்து ஒரு சீட்டுப் போய்விடும்.

முதல் வாரங்களில் அம்மாவின் கையில் சீட்டே மிஞ்சுவதில்லை. நான் "த..." என்றதும் "தண்ணியா?" என்று கேட்டுவிடுவா. நீ கையை நீட்டுவாய். அம்மா முறைத்துக்கொண்டே சீட்டைத் தருவா. கலியாணம் கட்டிய நாளில் இருந்து என் கதைக்குள் புகுந்து கதைத்துப் பழகியவ, பாவம்.

காசிம் சீட்டைத் தொடமாட்டான், சூது என்பான். அது அவனுடைய பழக்கம், நாங்களும் வற்புறுத்தியதில்லை. ஆனால் விளையாட்டை எட்டிப் பார்த்துவிட்டு இருக்க முடியாமல், "காசு இல்லாட்டி இது சும்மா கதைதானே. மகள், எனக்கும் ஒரு கை போடு. ஆனா நான் தொட மாட்டன், நீயே எடுத்து வை" என்றான். நீ ஒரு சின்ன மரப் பலகையில் கோடு வெட்டி, சீட்டுகளை அவன் முன் நிறுத்தி வைத்தாய். அவன் தாடையால் காட்டுவான், நீ எடுத்துப் போடுவாய். யாராக வரப் போகிறாய் என்று கேட்டபோது, எஞ்சின்காரனாகத்தான் வருவான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

"எஞ்சினா? போதும் மகள். நான் பயணி. மேல குந்தி, வெத்தில சப்பிக்கிட்டு, லோஞ்சு ஓட்டிறவனக் குற சொல்லிக்கிட்டு வருவன்" என்றான்.

அம்மா, தயிர்ச் சட்டிகளோடு ஏறி ஒவ்வொருவரோடும் விலை பேசும் வியாபாரியாக வந்தா. ஈச்சிலம்பற்றில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்குள் இப்படி ஒரு வாய்க்காரி ஒளிந்திருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. நீ என்னைப் பார்த்தாய். நான் இரண்டு கையாலும் சுக்கான் பிடிப்பது போலக் காட்டினேன். "ஒரு சொல் வேணும் அப்பா" என்றாய். நீ, அம்மா, காசிம், மூன்று பேரும் காத்திருந்தீர்கள். வெளியே ஐஸ்பழம் விற்கிற வான் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, போயும் விட்டது. "ஓட்டி" என்றேன் நான்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது. இடம், வலம், நில், விடு. எண் வராவிட்டால் ஒன்றில் இருந்து எண்ணிக்கொண்டு வந்து சேருவேன். எண்ணினால் வாய் தானாக ஓடுகிறது, ஏனென்று தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி மிஸ்ஸிடம் நீ விளையாட்டைக் காட்டினாய். அவ தன் மட்டைகளையும் கைவிடாமல் செய்யச் சொன்னா; விளையாட்டையும் விடவேண்டாம் என்றா. உனக்காக நான் இரண்டையும் செய்தேன். மனத்துக்குப் பிடித்துச் செய்தது ஒன்றைத்தான்.

இனி நான் சொல்ல வருவது நீ கூச்சப்படும் இடம். கூச்சப்படாதே.

எங்கள் லோஞ்சு போகும் கடல் எப்போதும் அமைதியாகவே இருந்தது. ஆட்கள் சண்டை பிடித்தார்கள், ஆடு ஒன்று கடலில் குதித்தது, மூதூர்க் கரையில் ஒரு கலியாண வீட்டுக்காரர் பாட்டுப் பெட்டியைத் தவறவிட்டார். காற்று மட்டும் அடிக்கவில்லை. சின்ன இஸ்கோப்பன் வரும், கொஞ்சம் தூறும், விட்டுவிடும். வாழ்நாள் முழுக்க அந்தக் குடாவைக் கடந்தவன் நான். அப்படி ஒரு கடல் எங்கும் இல்லை. ஒரு நாள் நீ தேத்தண்ணி போடப் போன நேரம் சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இஸ்கோப்பனில் ராசா இல்லை, ராணி இல்லை, பத்து இல்லை, ஒன்பது இல்லை. பெரியது ஒன்றுமே இல்லை. நீ தட்டத்தோடு வந்து வாசலில் நின்றுவிட்டாய். நான் கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"காத்து... எங்க?"

ஒரு கேள்வியாக என் வாயில் இருந்து வந்த முதல் வசனம் அதுதான் என்று பிறகு அம்மா சொன்னா. அப்போது நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீ தட்டத்தை வைத்துவிட்டு அழத் தொடங்கினாய்.

"நீங்க பட்டது காணும் எண்டு நினைச்சன் அப்பா. விளையாட்டிலயாவது..."

நான் கோபப்பட்டிருந்தேன் மகள். ஆனால் அந்தக் கோபம் உன்மேல் அல்ல. எனக்கு வருத்தம் வந்த நாளில் இருந்து எல்லாரும் எனக்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டார்கள், சோற்றைப் பிசைந்து வைத்தார்கள், கெட்ட செய்தி என்றால் குசினிக்குள் போய்க் கதைத்தார்கள். அன்புதான். அந்த அன்புக்குள் நான் நாளுக்கு நாள் சின்ன ஆளாகிக்கொண்டு வந்தேன். இந்த மேசையில் மட்டும்தான் நான் ஓட்டியாக இருந்தேன். இங்கேயும் யாரோ கடலை எனக்காகத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அன்று தெரிந்துவிட்டது. அதை எல்லாம் சொல்ல அன்று என்னிடம் சொல் இல்லை. "போடு" என்று மட்டும் சொன்னேன். நீ அலுமாரியைத் திறந்து, உன் உடுப்புகளுக்குக் கீழே இருந்து அந்தச் சீட்டுகளை எடுத்து வந்து சீட்டுக்கட்டோடு சேர்த்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இஸ்கோப்பன் ராசா வந்தது. மூதூருக்குக் கிட்ட வந்துவிட்டோம், அம்மாவின் தயிர்ச் சட்டிகள் மேல்தட்டில், காசிம் வெற்றிலையோடு குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ சீட்டைத் திருப்பினாய். உன் குரல் மாறிவிட்டது. "வாடைக் காத்து. எஞ்சின் நிண்டு போச்சு. லோஞ்சு பக்கம் காட்டிக்கொண்டு நிக்குது, அலை பக்கத்தில அடிக்குது. ஓட்டி, என்ன செய்யப் போறீங்க?"

செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். எஞ்சின் இல்லாவிட்டால் முன்பக்கத்தில் இருந்து நங்கூரத்தைப் போட வேண்டும். அது பிடித்தால் லோஞ்சின் மூக்கு தானாகக் காற்றைப் பார்க்கத் திரும்பும். அலையைப் பக்கத்தில் வாங்காது. அந்தப் பொருள் என் கண்ணுக்குள் நிற்கிறது, அதன் துருவும் சேறும் சங்கிலிச் சத்தமும்கூட. பெயர் இல்லை. "நா..." என்றேன். "நாரங்..." அம்மா வாயைத் திறந்துவிட்டா. காசிம் தன் கையைத் தூக்கி அவவைத் தடுத்தான். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் அந்தச் சொல். அவன் நெற்றியில் வியர்வை. 

"நங்... கூரம்" என்றேன். "முன்னுக்கு. போடு. மூக்கு... காத்தைப் பாக்கும்."

மேசையில் சீட்டைப் போட்டேன். என்னிடம் இருந்தது மூன்று சின்னச் சீட்டுத்தான். காசிம் தாடையால் காட்டிய சீட்டையும் அம்மாவின் சீட்டையும் சேர்த்தும் ராசாவைப் பிடிக்கவில்லை. நீ எங்களைச் சும்மா விடவில்லை. லோஞ்சு தப்பியது, ஆட்கள் தப்பினார்கள், தயிர்ச் சட்டிகள் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. அம்மா உண்மையாகவே தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ என்ர சட்டி!" என்றா. காசிம் எழும்பி நின்றுகொண்டு, "பாத்தியா? ஓட்டத் தெரியாதவன்ட லோஞ்சில ஏறினா இப்பிடித்தான்!" என்று கத்தினான். நாங்கள் தோற்றோம், மகள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்று முழுக்க, சட்டிகளைக் காப்பாற்ற வேறு என்ன செய்திருக்கலாம் என்று காசிமோடு வாதாடினேன். அரைவாசிச் சொல், அரைவாசிக் கை. ஆனால் வாதாடினேன்.

வெளிநாட்டுப் படிப்பு விஷயத்தை எனக்குச் சொன்னதும் காசிம்தான். நீ அவனிடம் ஆறுதலுக்குச் சொன்னதை அவனால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. கடற்கரையில் நாங்கள் இருவரும் நடந்துவிட்டு இருந்தபோது, "மச்சான், புள்ளைக்கி அங்க படிக்க இடம் கிடைச்சிரிக்கி. போன வருசம் உனக்காகத் தள்ளி வச்சாள். இந்த வருசம் வேணாமெண்டே எழுதப் போறாளாம்" என்றான். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். நீ மேசையில் புதிதாகக் கரையோரப் படம் ஒன்று கீறிக்கொண்டிருந்தாய்.

"நீ... போ" என்றேன்.

"எங்க?"

"படிக்க. காசிம்... சொன்னவன்."

நீ பென்சிலை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அடுக்கினாய். அம்மா தனிய, என் மருந்து, கிளினிக், நடக்கும்போது கால் இழுக்கிறது. நான் பொறுமையாகக் கேட்டேன். பிறகு அலுமாரியைக் காட்டினேன். "திரும்பவும்... ஒளிக்கிறாய்" என்றேன். நீ எதை ஒளித்தாய் என்று நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. உன் கண் கலங்கிவிட்டது. பிறகு, கடைசியாக மிஞ்சிய காரணத்தைச் சொன்னாய்:

"நான் போனா ஆர் அப்பா கதை சொல்லுறது?"

"நான்."

நீ சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் பகிடி விடவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினாய். நீ அன்று சிரித்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறாய் என்று அம்மா சொல்லுகிறா. வெட்கப்படாதே, எனக்கே சிரிப்புத்தான்.

நீ போன பிறகு நான் கதை சொன்ன முதல் ஞாயிறு படுதோல்வி. சீட்டைத் திருப்பினேன், கலாவரை எட்டு வந்தது, கரையில் என்ன நடக்கிறது என்று யோசித்தேன், யோசித்தேன், தேத்தண்ணி ஆறிவிட்டது. காசிம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டிருந்தா. கடைசியில் "மாடு" என்றேன். "மாடு என்ன செய்யுது?" என்று கேட்டான் காசிம். எனக்குத் தெரியவில்லை. அவர்களே கேட்டுக் கேட்டு அந்த மாட்டை ஒரு வழியாக லோஞ்சில் ஏற்றினார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது: கதை சொல்லுகிறவர் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்கவிட்டால் போதும். வாயாடியாக இருந்த காலத்தில் நான் இதை அறியவில்லை. நீ அங்கே வகுப்பில் விளையாட்டுச் செய்யப் படிக்கிறாய். இதை உன் ஆசிரியர்களிடமும் சொல்லிப் பார்.

இப்போது நீ அறியாத செய்திக்கு வருகிறேன். கிளினிக்கில் ஒரு ரீச்சரைக் கண்டேன். பரீதா ரீச்சர், குறிஞ்சாக்கேணிப் பக்கம். எனக்கு வந்த அதே வருத்தம். விளங்குகிறது, வாய்க்கு வருவதில்லை. கணவர் நல்ல மனிதர், அவவை ஒரு நிமிடம் விட்டு விலகமாட்டார். மிஸ் பெயர் கேட்டால் அவர் சொல்லுவார். தலையிடியா என்று கேட்டால் அவர் சொல்லுவார். ரீச்சர் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பா. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். விளையாட வரும்படி காசிமைக் கொண்டு அவர்களைக் கேட்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

விளையாட்டை விளங்கப்படுத்தினோம். யாராக வரப் போகிறீர்கள் என்று ரீச்சரிடம் கேட்டேன். கணவர் உடனே, "அவ ரீச்சராகவே இருக்கட்டும்..." என்று தொடங்கினார். அம்மா மிகவும் சந்தோஷமாகக் கையை நீட்டி அவரிடம் ஒரு சீட்டை வாங்கினா. கொஞ்ச நேரத்தில் அவர் கை வெறுமையாகிவிட்டது. என்ன செய்வது என்று யோசித்தேன். நான்தானே கதை சொல்லுகிறவன். அவரைப் பார்த்து, "நீங்க... கள்ளப் பயணி. டிக்கட் இல்லை. சாக்குக்குக் கீழ... ஒளிச்சிருக்கிறீங்க. மூச்சு... விடக்கூடாது" என்றேன். காசிம் வெடித்துச் சிரித்தான். அந்த மனிதர் ஒரு கணம் திகைத்துவிட்டு, உண்மையாகவே கதிரையில் குனிந்து, தோளைச் சுருக்கிக்கொண்டார்.

பிறகு ரீச்சரிடம் திரும்பினேன். காத்திருந்தேன். எல்லாரும் காத்திருந்தோம். ஒன்று சொல்லுகிறேன் மகள், எங்கே போனாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்: ஒருவர் சொல் தேடும்போது அவருடைய வாயைப் பார்க்காதே, கண்ணைப் பார். வாயைப் பார்த்தால் பாரம் கூடுகிறது. ரீச்சர் தன் தோளில் பை தொங்குவது போலக் காட்டினா. விரலால் எதையோ கிழிப்பது போலக் காட்டினா. டிக்கட் கிழிக்கிறவ! "ஒரு சொல்" என்றேன். அவ மேசையை விட்டு எழும்பினா. கணவருக்கு முன்னால் போய் நின்றா. குனிந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டிக்... டிக்கட்" என்றா. மூச்சு வாங்கினா. "டிக்கட்... இரிக்கா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் கெட்டிக்காரர், வாயைத் திறக்கவில்லை. நல்ல கள்ளனைப் போல முழித்தார். சேட்டுப் பையைத் தடவினார், காற்சட்டைப் பையைத் தடவினார், வெறும் கையை விரித்துக் காட்டினார். அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. நான் கேட்டேன், "ரீச்சர், என்ன செய்யிறது? கடலுக்குள்ள... இறக்குவமா?"

ரீச்சர் அந்த மனிதரை மேலும் கீழுமாகப் பார்த்தா. வகுப்பில் பின்வாங்கில் இருக்கிற குழப்படிக்காரனைப் பார்ப்பது போல. நெடுநேரம் யோசித்தா. சொல்லைத் தேடினாவா, தண்டனையைத் தேடினாவா என்று எனக்குத் தெரியாது.

"வேணாம்" என்றா. "பாவம். இரிக்கட்டும்."